பாசிக்குள் இருந்த பெயர்

ஓர் அரசரின் தலையில் பல வருடங்களாகக் கோப்பிப் பையை மாட்டிவைத்தவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் கோப்பியைக் கட்டித் தரச் சொன்னால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் சுருக்கிக் கொடுப்பார்கள். விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதற்கு வசதி. உட்கார்ந்து குடிக்க நினைத்தால்தான் தொல்லை. அந்தப் பையை எங்கேயும் வைக்க முடியாது, எதிலாவது மாட்டத்தான் வேண்டும். ஃபேரர் பார்க் திடலோரம், தூங்குமூஞ்சி மரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய தூண் நின்றது. உச்சியில் மாதுளம்பழம் போல ஒரு குமிழ். கோப்பிப் பைக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும்.

நான் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், விற்பவன். வாடிக்கையாளர்கள் என்னைச் சந்திக்க மறுத்த நேரங்களையெல்லாம் அந்த மரத்தடியில்தான் கழித்தேன். பையைக் குமிழில் மாட்டுவேன், தூணில் முதுகைச் சாய்ப்பேன், புத்தகத்தைப் பிரிப்பேன். எங்கோ பாலைவனத்தில் நிற்கும் கல்தூண்களைப் பற்றி அப்படிச் சாய்ந்தபடியே ஒரு தடிப் புத்தகம் முழுதும் படித்திருக்கிறேன். முதுகில் உறுத்தியது எழுத்து என்று ஒருநாளும் தோன்றியதில்லை. குழாய்க்காரர்கள் எதையோ அடையாளம் வைக்க நட்டுவிட்டு மறந்த கல் என்றே நினைத்திருந்தேன்.

தலையில தொங்குது

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, என் வயதை ஒட்டிய ஒருவர் வந்து நின்றார். கையில் தண்ணீர்ப் போத்தல். நான் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா? தலையில தொங்குது."

"யார் தலையில?"

"ராஜா தலையில."

அவர் பெயர் இஸ்மாயில். பிடோக்கில் வீடு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். தொழுகைக்கும் பள்ளி விடும் நேரத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் வாராவாரம் இங்கே வந்து, தூணின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போவாராம். இத்தனை வருடம் நாங்கள் சந்தித்துக்கொள்ளாதது தற்செயல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அவர் வண்டியிலேயே காத்திருந்துவிட்டு, நேரம் போய்விட்டால் ஓதாமலே திரும்பியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியவில்லை. கோப்பி சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வாப்பா நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த வியாபாரி. உம்மா மலாய்க்காரர். உம்மாவின் வழியில்தான் அந்த ராஜா. கிழக்கே ஒரு தீவை ஆண்டவர். வெள்ளைக்காரர்கள் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவரை இங்கே கப்பலேற்றிக் கொண்டுவந்து ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தார்கள். திரும்பிப் போகவே இல்லை. எங்கே அடக்கினார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. அவரோடு வந்தவர்களும், அவர் வீட்டுக்குப் பால் கொடுத்த, வண்டி ஓட்டிய நம் ஆட்களும் சேர்ந்து எழுப்பியது இந்தத் தூண்.

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

அது தெரியாது என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்கு உடனே விளங்கியது. தமிழனுக்கு விளங்காமல் இருக்குமா? என் அம்மா ரேஷன் காலத்திலிருந்து மருத்துவமனைக் காலம் வரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. தாதி கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னைக் கிள்ளுவாள். இஸ்மாயிலின் உம்மா வழியிலும் அப்படித்தான். அரசரின் பெயரை உச்சரிப்பது மரியாதைக் குறைவு. 'ராஜா' என்று சொல்லலாம், 'அவங்க' என்று சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக வாயை மூடி மரியாதை செய்ததில் பெயர் வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோயிற்று.

மிச்சம் இருந்தது தூணில்தான். அரபு எழுத்தில் மலாய் எழுதுவார்களே, ஜாவி, அதில் ஒரு வரி. சுண்ணாம்புப் பூச்சின் மேல் கீறியது. பாசி ஏறி, பாசி காய்ந்து, அதன் மேல் மறுபடி பாசி. விரலால் தடவினால் பள்ளம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இஸ்மாயிலின் உம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. டாக்டர் இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை, நோன்புக்கு முன்னால், குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி வீட்டில் கத்தம் ஓதுவார்கள். எல்லாருக்கும் பெயர் வரும். ராஜாவின் முறை வரும்போது மட்டும் ஓதுகிறவர் தடுக்கித் தாண்டிப் போவார். இந்த ஒரு தடவையாவது பெயரோடு கேட்டுவிட வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. சாகப்போகிற காலத்தில் மரியாதைக் குறைவை அல்லா மன்னித்துக்கொள்வான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"பேரு இல்லாத துஆ போய்ச் சேருமா சேராதான்னு உம்மாவுக்குப் பயம்ணே" என்றார் இஸ்மாயில். "நோன்புக்குள்ள எப்படியாவது படிச்சுடணும்."

அரசர்களின் இடமாற்றம்

வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் அரசர்களை இடமாற்றம் செய்யும் அலுவலகம் ஒன்றை நடத்தினார்கள். கண்டி அரசரை வேலூருக்கு அனுப்பினார்கள். பர்மா அரசரை ரத்னகிரிக்கு. டில்லி பாதுஷாவை ரங்கூனுக்கு. நம் பாளையக்காரர்களைப் பினாங்குக்கு. ஓர் ஊரின் அரசரை அந்த ஊரிலேயே வைத்திருப்பது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்று யாரோ கோப்பில் குறித்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் உட்லண்ட்ஸ்காரரை ஜூரோங்குக்கும் ஜூரோங்காரரை உட்லண்ட்ஸுக்கும் மாற்றுகிற மேலாளரை நினைத்துக்கொள்வேன்.

இடம் மாறிப் போன அரசர் என்ன செய்வார்? இஸ்மாயில் குடும்பத்தில் ஒரே ஒரு சித்திரம் மிஞ்சியிருந்தது. அப்போது இந்தத் திடல் குதிரைப் பந்தயம் ஓடும் இடம். சாயங்காலமானால் ராஜா வேலியோரம் வந்து நின்று, பந்தயம் இல்லாத நாளிலும், ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவர் தீவில் குதிரையே கிடையாது. அதனால் பார்த்தார் என்று ஒரு கட்சி. கடல் எந்தத் திசை என்று மறந்துவிட்டதால் எதையாவது பார்த்தார் என்று இஸ்மாயிலின் கட்சி.

பிறகு பந்தயமும் வேறிடத்துக்குப் போனது. மாட்டுக் கொட்டகைகள் போயின. சூளைகள் போயின. இந்த ஊரில் எதுவும் இறப்பதில்லை, இடம் மாற்றப்படுகிறது. தூணை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பாதுகாப்பைத்தான் நான் போக்கினேன்.

கோயில் கமிட்டிகளைத் திட்டியது

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிப்பவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். முன்பு இரண்டு வாரம் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுக் கோயில் கமிட்டிகளைத் திட்டி எழுதினேன். குடமுழுக்கு என்றால் போதும், முதல் வேலையாக மணல் வீச்சு இயந்திரம் கொண்டுவந்து சுவரைச் 'சுத்தம்' செய்வார்கள். ஆயிரம் வருடக் கல்வெட்டு மதியச் சாப்பாட்டுக்குள் மாவாகிவிடும். அப்புறம் அதன் மேல் மஞ்சள் பெயிண்ட், அதன் மேல் உபயதாரர் பெயர். கல்வெட்டை அழிக்கப் படையெடுப்பு எதுவும் தேவையில்லை, ஒரு விழாவும் நாலு நல்ல மனிதர்களும் போதும் என்று எழுதினேன். நல்ல வரவேற்பு. மாணிக்கம்கூடக் கைகுலுக்கினார்.

மாணிக்கம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எங்கள் வட்டார நண்பர்கள் குழுவின் தலைவர். பொங்கலுக்கு மேடை போடுவதிலிருந்து இறந்த தொழிலாளியை ஊருக்கு அனுப்புவது வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு அவரை மட்டும் மோசமாக நினைப்பீர்கள்.

விழா

தூணைப் பற்றி எழுதினேன். எழுதாமல் இருக்க முடியுமா? நாடிழந்த அரசர், நம் பால்காரர்கள், வண்டிக்காரர்கள், காசு போட்டு எழுப்பிய கல். நான் எழுதியதிலேயே எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு கட்டுரைக்குத்தான். வாசகர்களுக்கும் கலங்கியது. அடுத்த வாரமே தூணுக்கு மாலை விழுந்தது. அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழம். யாரோ ஒரு தொழிலாளிக்கு லாட்டரி விழுந்ததாகச் செய்தி பரவி, ஊதுபத்தியோடு ஆட்கள் வந்து தூணிடம் நாலு நம்பர் கேட்டார்கள். இஸ்மாயில் சங்கடத்தோடு ஒதுங்கி நின்று, அவர்கள் போனபின் ஓதினார்.

ஒரு நல்லதும் நடந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு, பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் இஸ்மாயிலைத் தேடிவந்தார். பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும் என்றார். பாசியைத் தொடவேண்டாம், அதுதான் எழுத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்றும் சொன்னார். வெளியூர் போய்விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை கருவிகளோடு வருவதாக ஏற்பாடு. இஸ்மாயில் உம்மாவிடம் சொல்லிவிட்டார். உம்மா நாலு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்ததாகத் தகவல்.

மாணிக்கம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தூணுக்கு விழா எடுக்கத் தேதி குறித்துவிட்டார். சிறப்பு விருந்தினர் அன்றைக்குத்தான் கிடைத்தார்.

பாசியைத் தொடவேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் நான் அவர் கடைக்குப் போனேன். ஆணியும் கொக்கியும் வாங்க ஆட்கள் நின்றிருந்தார்கள். சரி, கூட்டம் குறையட்டும் என்று, விழாவில் பேசப்போகும் உரையை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் கை தட்டினார். வாசித்து முடித்ததும் மனம் நிறைந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

பளிச்

ஞாயிறு காலை திடலுக்குப் போனபோது கொட்டகை போட்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாக. தூணைப் பார்த்தேன்.

வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. குமிழ் பால்கொழுக்கட்டை மாதிரி மின்னியது. பக்கத்தில் மாணிக்கம் முழங்கால்வரை நனைந்து நின்றார். கார் கழுவ விற்கும் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம், கடையிலேயே பெரிய அளவு, சுருட்டி வைத்திருந்தது.

"சீஃப் கெஸ்ட் வராரு, பாசி புடிச்ச கல்லையா காட்டுறது? அசிங்கமா இருக்கும் லா" என்றார். "எப்படி இருக்கு?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. "பளிச்னு இருக்கு" என்றேன். அதோடு நிற்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். இரண்டு வாரம் கமிட்டிகளைத் திட்டியவன், தூணின் முன்னால் நின்று, வெளிச்சம் நன்றாக விழுவதற்காகக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, இன்னொரு படமும் எடுத்தேன்.

இஸ்மாயில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நேராகத் தூணிடம் போனார். எழுத்து இருந்த பக்கம் உள்ளங்கையை வைத்தார். மேலே தடவினார், கீழே தடவினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தடவினார். பூச்சு உரிந்து சில இடங்களில் செங்கல்லே தெரிந்தது. புல்லில் வெள்ளையாகக் குழைந்து கிடந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எழுத்து எங்கண்ணே?" என்றார்.

மாணிக்கத்துக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. "பாசிக்குள்ளயா எழுத்து இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். விருந்தினரின் கார் வந்துவிட்டது.

விழா நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரும் நிறுத்தவில்லை. நானும் பேசினேன். மனப்பாடமாக இருந்ததால் வாய் தானாகப் பேசியது. வரலாற்றை மறக்காத சமூகம் என்று ஒரு வரி வரும், அதற்குக் கைதட்டலும் வந்தது. அரசரின் வழித்தோன்றல் என்று இஸ்மாயிலை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் போர்த்திக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்று, புகைப்படக்காரர் சொன்னதும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். விளக்கை இந்தப் பக்கம் பிடித்தார், அந்தப் பக்கம் பிடித்தார். மண்டியிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் ஒரு புள்ளி இருக்கலாம் என்றார். அது எழுத்தின் புள்ளியா, இயந்திரம் தெறித்ததா என்று சொல்ல முடியாது. இஸ்மாயில் தன் கைப்பேசியில் பழைய படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் பச்சை. ஒன்றில் என் முதுகு இருந்தது.

ஆய்வாளர் எங்களைத் திட்டவில்லை. விளக்கை அணைத்து, வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்து, பல ஊர்களில் இப்படித்தான் என்றார்.

மாணிக்கத்துக்கு அதிகாரிகளிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கூட்டம் கூட்ட அனுமதி வாங்கியிருந்தார், கழுவ அனுமதி வாங்கவில்லை. அவர் அதற்கு வருத்தப்படவில்லை. கடையில் அந்த இயந்திரத்தை விற்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டாக் இல்லை என்கிறார், பின்னால் அடுக்கி வைத்துக்கொண்டே. தூணைச் சுற்றி இப்போது வேலியும் பலகையும் இருக்கின்றன. 'நாடு கடத்தப்பட்ட அயல்நாட்டு ஆட்சியாளர் ஒருவரின் நினைவாக. பெயர் அறியப்படவில்லை.' ஊரின் நான்கு ஆட்சி மொழிகளிலும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். நான் தேடிப்பார்த்தேன், ஒரு பிழையாவது இருந்தால் அதைப் பற்றி எழுதலாமே என்று.

ஒரு பெயர் வேண்டும்

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இஸ்மாயில் ஒருநாள் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். பேருந்தைக் கீழே நிறுத்திவிட்டு வந்திருந்ததால் உட்காரவில்லை.

உம்மாவிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. ஆய்வாளர் படித்துக்கொண்டிருக்கிறார், நேரம் எடுக்கும் என்று தள்ளிப்போட்டிருந்தார். இனித் தள்ள முடியாது. உம்மா இப்போது அதிகம் பேசுவதில்லை. பேசினால் அதைத்தான் கேட்கிறார்.

"நீங்க எழுதுறவங்கதானே. ஒரு பேரு சொல்லுங்கண்ணே."

பொய்ப் பெயர் சொல்லி ஓதலாமா என்று கேட்டேன். திடீரென்று நான் மார்க்க அறிஞனாகிவிட்டேன்.

"அல்லாவுக்கு அது யாருன்னு தெரியும்" என்றார். "உம்மாவுக்குத்தான் தெரியணும்."

அந்த வாரம் முழுதும் வேறு வேலை பார்க்கவில்லை. பழைய தீவு ராஜ்ஜியங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எந்தப் பட்டம் எதற்கு முன்னால் வரும், எந்தச் சொல்லுக்கு எது இணை, ஓதும்போது மூச்சு எங்கே நிற்கும் என்றெல்லாம் பார்த்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நடுநடுவே அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு பெயர் அமைந்தது. கம்பீரமான பெயர். நாட்டை இழந்தபின்னும் நிமிர்ந்து நடக்கிற பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது நல்ல மனிதர் பலகையில் சேர்த்துவிடுவார்.

கத்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பிடோக்கில் மூன்றறை வீடு. கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளறைக் கதவைத் திறந்து, உம்மாவின் கட்டிலை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டிருந்தார்கள். சாம்பிராணியும் களிம்பும் கலந்த வாசனை. ஹஜ்ரத் ஒவ்வொரு பெயராக ஓதினார். அந்தப் பெயர் வந்தது. நான் கற்பனை செய்ததைவிட நன்றாகவே ஒலித்தது. பிசகாமல் ஓதி முடித்தார், எல்லாரும் ஆமீன் என்றார்கள். இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கட்டிலில் உம்மாவின் கை ஏந்தியபடியே இருந்தது.

பிறகு நெய்ச்சோறு வைத்தார்கள். நான் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்ப உள்ளே போனேன். இஸ்மாயில் உம்மாவுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். உம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்தியா உம்மா என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"நல்ல பேரு தம்பி" என்றார். "ரொம்ப நீளமா இருக்கு. அவங்க பேரு சின்னதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க, கூப்புட ஒரு மூச்சுகூட வேணாமாம்."